பெரிய ஃபைண்டரும் சின்னமனூர்க் கழுத்தும்

தொலைநோக்கியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய்க்கு ஃபைண்டர் என்று பெயர். எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்றில் 25 மி.மீ. ஐபீஸைப் பொருத்தினால் 48 மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் தெரியும் வானம் ஏறத்தாழ ஒரு பாகைதான். இரண்டு முழுநிலவுகள் தோளோடு தோள் நின்றால் நிறைந்துவிடும். அந்தத் துளை வழியாகக் கன்னி ராசியில் ஒரு மங்கலான திரளைத் துழாவிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால்தான் ஐந்து பாகை அகலம் காட்டி, நடுவில் சிலுவைக் கோடு போட்ட துணைக்குழாய் ஒன்று தேவைப்படுகிறது. பெரிய குழாய் பார்ப்பதற்கு. சின்னக் குழாய், எங்கே பார்ப்பது என்று சொல்வதற்கு. இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. சின்னக் குழாய் போதாது என்ற எண்ணம் உரிமையாளருக்கு வரும்வரை வீட்டில் நிம்மதியும் இருக்கும்.

ஃபைண்டர்களை இரண்டு எண்களால் குறிப்பார்கள். 8x50 என்றால் எட்டு மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. விட்டமுள்ள வில்லை. 6x30இல் தொடங்கி 8x50, 10x60 என்று ஏறி, 80 மி.மீ. குழாயில் போய் முடிகிறது வரிசை. தொலைநோக்கியோடு பெட்டியிலேயே வருவது பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று. சும்மா வந்த பொருள் என்பதால் அதற்கு மரியாதை கிடையாது. இத்தனைக்கும் 1610இல் வியாழனின் நிலவுகளைக் கலிலியோ கண்டுபிடித்த குழாயின் வில்லை 50 மி.மீ.யைவிடச் சிறியது.

பெரிய வில்லையால் என்ன லாபம் என்பதற்குக் கணக்கு சென்னையிலேயே இருக்கிறது. விண்மீன் ஓர் ஒளிப்படி மங்கினால் 2.512 மடங்கு வெளிச்சம் குறைகிறது என்ற அளவுகோலை 1856இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, 1891இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்து வெயிலை அனுபவித்தார். 50 மி.மீ.யிலிருந்து 80 மி.மீ.க்குப் போனால் வில்லை வாங்கும் ஒளி 2.56 மடங்காகிறது. அதாவது போக்சன் கணக்கில் ஏறத்தாழ ஒரு படி. இருண்ட வானில் 50 மி.மீ. ஏறத்தாழ பத்தாம் ஒளிப்படி விண்மீனைக் காட்டும் என்றால் 80 மி.மீ. பதினொன்றாம் படியைக் காட்டும். படி ஒன்றுதான், விலையும் எடையும் அத்தோடு நிற்பதில்லை.

இதில் வயதுக்கும் பங்குண்டு. வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8x50க்கு அது 6.25 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் ஐந்தோடு சரி. எட்டை ஐந்தால் பெருக்கினால் நாற்பது. ஆகவே ஐம்பது வயதுக்காரர் 50 மி.மீ. ஃபைண்டர் வாங்கினாலும் அவருக்கு வேலை செய்வது 40 மி.மீ. மட்டுமே, மிச்ச வெளிச்சம் கருவிழியில் பட்டு வீணாகிறது. விரிகிற கண் இருக்கும் வயதில் வாங்கப் பணம் இருப்பதில்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, வாழைத்தோட்டத்துக் கடனும் அடைந்து, கையில் நாலு காசு நிற்கும்போது கண்மணி சுருங்கிவிடுகிறது. இவருக்கு ஏற்றது கற்றையை ஐந்து மி.மீ.க்குள் அடக்கும் ஃபைண்டர். 400 மி.மீ. குவியத்தூரமுள்ள 80 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 16 மடங்கு, கற்றை சரியாக 5 மி.மீ. பெரிய ஃபைண்டருக்காகச் சொல்லப்படும் வாதங்களில் வீட்டில் எடுபடக்கூடியது இது ஒன்றுதான். அதுவும் வயதை ஒப்புக்கொண்டால்.

அடுத்தது கழுத்து. தொலைநோக்கி பற்றிய புத்தகங்களில் பெரும்பகுதி 40, 50 பாகை வடக்கே உட்கார்ந்து எழுதப்பட்டவை. தென்தமிழகத்துச் சின்னமனூர் பத்துப் பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. லண்டன்காரருக்குச் சாய்வாகத் தெரிவது இங்கே உச்சந்தலைக்கு வந்துவிடும். கன்னித் திரளின் பெரிய விண்மீன் மண்டலமான எம்87, சித்திரை மாத இரவில் உச்சியிலிருந்து மூன்று பாகைகூட விலகாமல் கடந்து போகிறது. ஓரியன் நெபுலா உச்சிக்குப் பதினைந்து பாகை தள்ளி நிற்கும். நேராகப் பார்க்கும் ஃபைண்டரில் இவற்றைப் பிடிக்க வேண்டுமானால் செங்குத்தாக நிற்கும் குழாய்க்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கையை மொட்டைமாடிச் சுவரில் ஊன்றி, தலையைப் பின்னால் மடித்து, கீழிருந்து மேலாகக் கண்ணைக் கொடுக்க வேண்டும். பக்கத்து மாடியில் வடகம் எடுக்க வந்தவர், “என்னண்ணே, முதுகு பிடிச்சுக்கிருச்சா?” என்று கேட்பது இந்த நிலையைப் பார்த்துத்தான். போதாக்குறைக்கு, உச்சியை நோக்கிய டாப்சோனியனைப் பக்கவாட்டில் திருப்ப எவ்வளவு முயன்றாலும் அது நின்ற இடத்திலேயே சுழலும். பொருள் கிட்ட வராது. அமெரிக்க அமெச்சூர்கள் அந்த இடத்தை டாப்சன் ஓட்டை என்பார்கள். சின்னமனூரில் வானத்தின் சிறந்த சரக்கு அந்த ஓட்டையைச் சுற்றித்தான் கிடக்கிறது.

எனவே இங்கே விட்டத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது வளைவு. தொண்ணூறு பாகை மடங்கிய ஃபைண்டரில் குனிந்தே பார்க்கலாம். மடங்கியவற்றிலும் இரண்டு சாதி உண்டு. வெறும் கண்ணாடி வைத்தது இடவலத்தை மாற்றிக் காட்டும்; அமிச்சி பட்டகம் வைத்தது வரைபடத்தில் உள்ளபடியே காட்டும். நேர்க்குழாயோ தலைகீழாகக் காட்டும். நட்சத்திர வரைபடத்தைக் கவிழ்த்துப் பிடித்தால் அதைச் சமாளிக்கலாம். இடவலம் மாறியதை என்ன திருப்பினாலும் சமாளிக்க முடியாது. படத்தாளைப் பின்பக்கம் திருப்பி, மறுபுறமிருந்து டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். அமிச்சி பட்டகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தண்டமல்ல.

மடங்கிய ஃபைண்டருக்கும் ஒரு குறை உண்டு. குனிந்து பார்ப்பவருக்குக் குழாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்றே தெரியாது. அதற்குச் செம்புள்ளி காட்டும் கருவியோ, அரை, இரண்டு, நான்கு பாகை வட்டங்களை வானத்தில் போடும் டெல்ராடோ பக்கத்தில் வேண்டும். 16 மடங்கு உருப்பெருக்கமுள்ள 80 மி.மீ. குழாய்க்கு இது கட்டாயம். அதன் பார்வை மூன்று பாகை சொச்சத்துக்குச் சுருங்கிவிடுவதால் ஃபைண்டரைக் கண்டுபிடிக்க ஒரு ஃபைண்டர் தேவைப்படுகிறது. இருண்ட இடத்தில் எம்87ஐ அந்த 80 மி.மீ. குழாயே ஒரு திட்டாகக் காட்டிவிடும். உரிமையாளர் அதிலேயே லயித்துப் போய்ப் பெரிய குழாயை மறந்துவிடுவதும் உண்டு. பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போன தரகரே மாப்பிள்ளையாகிவிட்ட கதை அது.

ஊர் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்.இ.டி. தெருவிளக்குகளுக்கு நடுவே வெறுங்கண்ணுக்கு நாலாம் படி விண்மீன்கள்தான் தேறும்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போக வழியில் படிக்கற்கள் போதாது. இங்கே 80 மி.மீ. உண்மையாகவே உதவும். வடக்கே உள்ள வீரபாண்டியில் திருவிழா நடக்கும் நாட்களில் அந்தப் பக்க வானம் வெளுத்துக் கிடக்கும். அப்போது எந்த மி.மீ.யும் உதவாது. தோப்புப் பக்கம் போய்விட்டால் 50 மி.மீ. தாராளம். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் மேகமலை இருக்கிறது. ஆனால் 2021 முதல் அது புலிகள் காப்பகம். மாலை ஆறு மணிக்கு மேல் சாலையில் வண்டியை விடுவதில்லை. விண்மீன் முளைக்கும் நேரத்தில் வழி அடைபடுகிற மலை என்பதால், பகலிலேயே ஏறி அங்கேயே தங்கவேண்டும். தங்கினாலும் மேகம் விலகுவதற்கு எந்தத் துறையும் அனுமதி தருவதில்லை.

எடை விஷயத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். 50 மி.மீ. ஃபைண்டர் ஏறத்தாழ அரைக் கிலோ, 80 மி.மீ. வளையங்களோடு இரண்டு கிலோவைத் தொடும். குழாயின் வாய்ப்பக்கத்தில் இரண்டு கிலோ ஏறினால் டாப்சோனியன் தலை கவிழ்ந்து மெதுவாகத் தரையைப் பார்க்கத் தொடங்கும். சரிக்கட்ட, அடிப்பக்கத்தில் மூன்று கிலோவாவது கட்ட வேண்டும். மண்டியில் ஓய்வுபெற்ற எடைக்கற்கள் போதும். ஆடிக்காற்று கணவாய் வழியே வரும் வேகத்துக்கு இந்தப் பாரத்தோடு குழாய் ஆடும் ஆட்டத்தில் வியாழன் ஒரு கோடாகத்தான் தெரியும். அந்த மாதங்களில் எப்படியும் மேகம் மூடியிருக்கும் என்பதால் இழப்பு பெரிதில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் சின்னமனூருக்குத் தோதானது அமிச்சி வைத்த மடங்கிய 50 மி.மீ.; ஊருக்குள்ளிருந்தே பார்ப்பேன் என்ற பிடிவாதமும் எடைக்கற்களும் உள்ளவருக்கு 80 மி.மீ.

எதை வாங்கினாலும் பெரிய குழாயோடு இணையாக வைக்காவிட்டால் பயனில்லை. பகலிலேயே தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து, ஃபைண்டரின் திருகுகளைத் திருகிச் சிலுவைக் கோட்டையும் அதே உச்சியில் நிறுத்த வேண்டும். மேகமலைச் சாலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பூக்களைத் தாண்டியதும் திருகுகள் தளர்ந்திருக்கும், மறுபடி வைக்க வேண்டும்.

கடைசியாக மூடி. 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தைப் போன்ற நாட்களில் பெரிய குழாயின் வாய்க்கு வடிகட்டி மாட்டிவிட்டு ஃபைண்டரைத் திறந்து விட்டால் ஆபத்து. அதன் வழியே குவியும் வெயில் சிலுவைக் கோட்டைக் கருக்கும். எட்டிப் பார்க்கும் கண்ணை நொடியில் பறிக்கும். சூரியனைப் பார்க்கும் நாளில் ஃபைண்டரைக் கழற்றி வைப்பது உத்தமம். இல்லாவிட்டால் ஒளி புகாத மூடி. கூடவே வந்த மூடி தொலைந்திருந்தால் 80 மி.மீ. குழாய்க்கு எவர்சில்வர் சம்படத்து மூடி ஏறத்தாழப் பொருந்தும், டேப் ஒட்டி இறுக்கிவிடலாம். சம்படத்தில் சீடை இருந்ததா, அது இப்போது ஏன் நமுத்துப் போயிருக்கிறது என்ற விசாரணைக்கு மட்டும் உரிமையாளர் தயாராக இருக்க வேண்டும்.