பாதி திறந்த ஷட்டரும் மூன்று அளவைகளும்

ஒரு பொருளை ஐயமற அறிந்துகொள்ளும் வழியைத் தமிழ்ச் சமய நூலார் அளவை என்பர். பிறர் பலவாக விரித்த அளவைகளைச் சிவஞான சித்தியார் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்க, மணிமேகலையில் வரும் அறவண அடிகள் பௌத்த மரபுக்கேற்ப முதலிரண்டே போதும் என்று நிறுத்திக்கொள்கிறார். இரு தரப்பாரும் உலகின் தோற்றம், உயிரின் இயல்பு போன்ற ஒப்பீட்டளவில் எளிய பொருள்களையே ஆராய்ந்தனர் என்பதால், மூன்று அளவைகளையும் ஒருசேரத் திணறடிக்கும் ஒரு வினா அவர்கள் காலத்தில் எழவில்லை. ஜெர்மானிய வீடொன்றின் ஜன்னல் ஷட்டர் இக்கணம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே அவ்வினா.

தமிழகத்துக் கடைவாசல்களில் காணும் ரோலிங் ஷட்டருக்கு ஒல்லியான தம்பி என்று கொள்ளத்தக்க இப்பொருளை ஜெர்மானியர் ரோல்லாடன் என்பர். பிளாஸ்டிக்கினாலோ அலுமினியத்தினாலோ ஆன குறுகிய பட்டிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, கண்ணாடிக்கு வெளியே இருபுறத் தண்டவாளங்களுக்குள் இறங்கும். ஏறும்போது ஜன்னலின் தலைக்கு மேலுள்ள பெட்டியில், எட்டுப் பட்டை கொண்ட இரும்புக் குழாய் ஒன்றின் மேல் சுருண்டுகொள்ளும். இதை இயக்க, அறையின் உட்புறச் சுவரில் ஒரு துணி நாடா தொங்கும். நாடாவை இழுப்பவர் ஷட்டரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இழுக்கிறார், வேண்டிய இடத்தில் கையை நிறுத்துகிறார். இது கலப்பற்ற காட்சியளவை. பழைய முறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் இவ்வளவே, ஏனெனில் குறையில்லாத ஒன்றில் ஆய்வாளருக்கு வேலையில்லை.

நாடாவைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் மோட்டாரை நுழைத்த நாளில்தான் இத்துறை பிறந்தது. உருளை வடிவான அந்த மோட்டாருக்கு நான்கு ஒயர்கள் உண்டு: நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த், கறுப்பும் பழுப்பும் ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று. எந்த ஒயரில் 230 வோல்ட் வருகிறதோ அந்தத் திசையில் மோட்டார் சுழலும். இரண்டிலும் ஒரே நேரத்தில் வந்தால், முரண்பட்ட இரு ஆணைகளைப் பெற்ற அலுவலர் செய்வதுபோல் கோப்பைத் தள்ளிவைக்க அதற்குத் தெரியாது, பழுதாகிவிடும். மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் மின்சாரத்தைத் துண்டிக்க மோட்டாருக்குள்ளேயே இரண்டு எல்லைச் சுவிட்சுகள் உள்ளன. ஆக, மோட்டார் அறிந்த உண்மைகள் இரண்டே. இடைப்பட்ட நிலை எதுவும் அதன் தத்துவத்தில் இல்லை. அந்த இரண்டையும்கூட அது யாரிடமும் சொல்வதில்லை, ஏனெனில் நான்கு ஒயர்களில் ஒன்றுகூடப் பதில் கொண்டுவருவதற்கானதன்று.

சுவிட்சும் மோட்டாரும் செய்தி பரிமாறிக்கொள்ளும் வீடுகளும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1990இல் ஐரோப்பிய நிறுவனங்கள் கூடி வகுத்த பொதுமுறையிலிருந்து வளர்ந்த கே.என்.எக்ஸ். என்னும் ஏற்பாட்டில், சுவிட்சுகளையெல்லாம் தொடுத்துக்கொண்டு தனியே ஒரு பச்சைக் கேபிள் ஓடும். ஆயினும் அக்கேபிளைச் சுவர் பூசுவதற்கு முன்பே பதித்திருக்க வேண்டும் என்பதால், பூசி, வண்ணமடித்து, குடியேறி, பிள்ளைகளும் பிறந்துவிட்ட வழக்கமான வீட்டுக்காரர்களுக்கு அது வீடுபேறு போன்றது: உண்டு என்று தெரியும், இப்பிறவியில் இல்லை என்பதும் தெரியும்.

அவர்களுக்கென்று உள்ளது ரிலே பெட்டி. தீப்பெட்டியளவே ஆன இது, 60 மி.மீ. விட்டமுள்ள சுவிட்சுக் குழிக்குள், ஏற்கெனவே நெருங்கிக் கிடக்கும் ஒயர்களோடு போட்டியிட்டு அமர்ந்து, கைப்பேசியிலிருந்து வரும் ஆணையை மோட்டாருக்கு மின்சாரமாக மாற்றித் தரும். இது உயிர்வாழ நியூட்ரல் வேண்டும். பழைய வீடுகள் பலவற்றின் சுவிட்சுக் குழிகளிலோ ஃபேஸ் மட்டுமே இருக்கும், நியூட்ரல் கூரையருகே கிளைப்பெட்டியோடு நின்றுவிட்டிருக்கும். சுவரைக் கொத்தாமல் தானியங்கியாக்குவதாகத் தொடங்கிய பணிகளில் சில, சுவரைக் கொத்துவதில் முடிவதன் காரணம் இதுவே. ஒரே ரிலேயில் இரண்டு ஜன்னல்களின் மோட்டார்களை நேராக இணைத்துச் சிக்கனம் பிடிக்க முனைவோர், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் சுருள் வழியே தோன்றும் மின்னழுத்தம், முதலில் எல்லையை அடைந்து நின்ற மற்றதன் எதிர்த்திசை ஒயருக்குள் புகுந்து அதைக் கெடுக்கும் என்பதை அறிதல் நலம்.

இனிக் கருதலளவை. ஷட்டர் முழுதும் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று ரிலே ஒருமுறை அளந்து வைத்துக்கொள்கிறது. ‘பாதி’ என்று கேட்டால் அந்த நேரத்தில் பாதியளவு மோட்டாரை ஓட்டி நிறுத்திவிட்டு, பாதி வந்துவிட்டது எனத் துணிகிறது. இத்துணிவு பிழையானது, பிழையின் அளவையும் கணக்கிட்டுக் காட்டலாம். 2.2 மீட்டர் உயரமும் 9 மி.மீ. தடிப்பும் உள்ள ஷட்டர் 60 மி.மீ. குழாயின் மேல் முழுதும் சுருண்டால், சுருளின் விட்டம் ஏறத்தாழ 17 செ.மீ. ஆகும். குழாய் நிமிடத்துக்கு 16 சுற்று என ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. ஆனால் சுருள் தடித்திருக்கும்போது ஒரு சுற்றுக்கு அரை மீட்டருக்கு மேல் இறங்கும் ஷட்டர், சுருள் மெலிந்த நிலையில் 20 செ.மீ. அளவே இறங்குகிறது. முழு இறக்கத்துக்கு 6 சுற்றுக்குச் சற்று மேலாகி, 23 விநாடி பிடிக்கும். அதில் பாதி நேரம் கழியும்போது ஷட்டர் 1.35 மீட்டரைக் கடந்திருக்கும். அதாவது, பாதி நேரத்தில் ஜன்னலின் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் மூடிவிடும். இது போதாதென்று, அடிப்பட்டி ஜன்னலின் அடித்தளத்தைத் தொட்ட பின்னும் பட்டிகளுக்கிடையே உள்ள ஒளித்துளைகள் திறந்தே இருக்க, மேலும் சில விநாடி ஓடினால்தான் பட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து இருள் முழுமை பெறும். மூடியிருத்தல் என்பதே இருவகைப்படும் என்னும் இவ்வுண்மை, இத்துறையின் மிக நுட்பமான கண்டுபிடிப்பாக மதிக்கத்தக்கது.

மின்னோட்டத்தை அளக்கும் ரிலேக்கள் இன்னொரு அனுமானத்தையும் செய்கின்றன: மின்னோட்டம் நின்றது, ஆகவே எல்லை வந்தது. புகையைக் கண்டு நெருப்பை அறியும் மரபுக்கு இது நெருங்கிய உறவு எனினும், இம்மோட்டார்கள் பொதுவாக 4 நிமிடத் தொடர் ஓட்டத்துக்கே வடிவமைக்கப்பட்டவை என்பதையும், அதற்கு மேல் சூடேறினால் தாமாகவே நின்று ஆறும்வரை அசையாதவை என்பதையும் மறந்தால், மணிமேகலை விரிவாகப் பேசும் ஏதுப்போலி என்னும் போலிக் காரணத்தில் விழ நேரும். கைப்பேசி கிடைத்த ஆறு வயதுக் குழந்தையொன்று ஷட்டரை ஏற்றியும் இறக்கியும் விளையாடும் வீட்டில், நடுவழியில் நிற்கும் ஷட்டரை எல்லையில் நிற்பதாகக் கருதுவது இப்படித்தான் நிகழ்கிறது.

உரையளவையைப் பொறுத்தவரை, கைப்பேசித் திரை ‘50 விழுக்காடு’ என்று அறிவிப்பதை ஆப்தவாக்கியமாக, அதாவது நம்பத்தக்கவர் சொல்லாக, கொள்ளலாமா என்பதே கேள்வி. ஆப்தர் என்போர் பொருளை நேரே கண்டவராதல் வேண்டும். கைப்பேசி ரிலேயைக் கேட்டுச் சொல்கிறது. ரிலே கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறது. கடிகாரம் ஷட்டரைக் கண்டதேயில்லை.

சூரியனோடு ஷட்டரை இணைக்கும் வழக்கம் பற்றியும் ஒரு சொல். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள் ஆகியவற்றைக் கொண்டு உதய, அத்தமன நேரங்களைக் கணித்து ஷட்டரை இயக்கும் வசதி இப்பெட்டிகளில் உண்டு. பஞ்சாங்கத்தில் பழகியோர்க்கு இது வியப்பன்று. ஆனால் பெர்லினில் டிசம்பர் இறுதியில் காலை எட்டே காலுக்கு மேல் உதிக்கும் சூரியன், ஜூன் இறுதியில் ஐந்து மணிக்கு முன்பே உதித்துவிடுகிறது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை என்பது பெயரளவில் மட்டுமே சொந்தம். எனவே உதயத்தோடு திற, ஆனால் ஏழு மணிக்கு முன் திறவாதே, விடுமுறையெனில் ஒன்பது என்று விதிகள் அடுக்கப்பட்டு, சூரியனுக்கு முடிவில் ஆலோசகர் பதவியே எஞ்சுகிறது.

சித்தியார் மூன்றனுள் அடக்கிய அளவைகளில் அபாவம் எனப்படும் இன்மையளவையும் ஒன்று. ஒரு பொருள் இங்கில்லை என்று அறிதல் அது. மொட்டைமாடிக்கோ தோட்டத்துக்கோ திறக்கும் கதவின் ஷட்டருக்கு இதுவே முதன்மையானது, ஏனெனில் அத்தமனத்தில் தானாக இறங்கும் ஷட்டர், வெளியே நாற்காலியில் அமர்ந்திருப்பவரை வெளியிலேயே விட்டுப் பூட்டிவிடும். கதவு திறந்திருந்தால் இறங்காதே என்று தடுக்கக் கதவில் காந்த உணரி பொருத்துவர். குளவிக்கு அஞ்சிக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு உட்காருபவர் விஷயத்தில் உணரி, கதவு சாத்தியுள்ளது, எனவே வெளியே ஆளில்லை என்று இன்மையைத் துணிந்து ஷட்டருக்கு வழிவிடுகிறது. கதவின் கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அறியும் உணரி இதற்கு மருந்து. கைப்பிடியை உள்ளிருந்து மட்டுமே தாழிட முடியும் என்பதால், தாழிட்டவர் உள்ளே இருக்கிறார் என்பது உறுதி. உடன் வசிப்பவர் உள்ளிருந்து தாழிட்டுவிட்டு உறங்கப் போகும் வீடுகளில் அதுவும் பயன்படாது. அங்கு அந்த ஒரு கதவுக்கு மட்டும் நாடாவைக் கழற்றாமல் விடுவதே முறை.