மக்கள் தொடர்பு அதிகாரி: சுங்கை பாக்காப் வகை

மக்கள் தொடர்பு அதிகாரி என்பவர், நடந்த நல்லதைச் சற்றுப் பெரிதாகவும் நடந்த கெட்டதைச் சற்றுச் சிறிதாகவும் எழுதிச் சம்பளம் வாங்குபவர். பொய் எழுதமாட்டார், அதற்கு அவசியம் வராது. பினாங்கின் இரண்டாவது பாலத்தின் மொத்த நீளம் 24 கிலோமீட்டர். அதில் கடலுக்கு மேல் செல்வது 16.9 கிலோமீட்டர். இரண்டும் உண்மை. அவர் எப்போதும் எழுதுவது 24. தொழிலின் இலக்கணம் இவ்வளவுதான்.

இந்த இனம் தோன்றிய கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1906 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று தண்ணீரில் விழுந்தபோது, நிருபர்கள் வந்து தோண்டுவதற்கு முன் ரயில் கம்பெனி சார்பில் தாமே ஓர் அறிக்கையை எழுதிக் கொடுத்தார் ஐவி லீ. உலகின் முதல் பத்திரிகை அறிக்கை என்று அதைத்தான் சொல்கிறார்கள். மலேசியாவில் இத்தொழிலுக்கான கழகம் 1962இல் அமைந்தது. சுங்கை பாக்காப்புக்கு வந்து சேர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1972இல் இன்டெல் முதலான மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது அவை தீவுப்பக்கம் பாயான் லெப்பாஸில் அமர்ந்துகொண்டன. சுங்கை பாக்காப் இருக்கும் பெருநிலத்தின் தென்கோடியில் தோட்டங்கள் தோட்டங்களாகவே இருந்தன. 2014 மார்ச் 1 அன்று அந்த இரண்டாவது பாலம் திறந்து, பக்கத்துப் பத்து காவானில் செம்பனை நின்ற இடத்தில் சிப்பும் மருத்துவக் கருவியும் செய்யும் ஆலைகள் எழுந்த பிறகுதான், பால்மரம் சீவியவரின் பேரப்பிள்ளை கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு 'கார்ப்பரேட் கம்யூனிகேஷன்' வேலைக்குப் போனது. என்ன வேலை என்று கேட்டால் அவருடைய அம்மா இன்றும் 'பேக்டரியில' என்பார். அதற்கு மேல் விளக்க அவரால் முடியவில்லை, மகனாலும் முடியவில்லை.

காலை ஏழு மணிக்கு இவரை ஒட்டுக்கடையில் காணலாம். ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருக்கும்; கண் கைப்பேசியில் இருக்கும். தொழில்நுட்பச் செய்தி எதுவானாலும் அது தமக்கே வந்த தந்தி என்று கொள்வது இவ்வகையின் முதல் அடையாளம். கலிபோர்னியாவில் யாரோ ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றினால் இவர் பெருமூச்சு விடுவார். "இனிமே எல்லாம் மாறிடும்ணே" என்று தே தாரிக் ஆற்றுபவரிடம் சொல்வார். இந்த வாக்கியத்தை அவர் பிரெண்ட்ஸ்டர் காலத்திலிருந்து சொல்லி வருகிறார். 2002இல் பிறந்த பிரெண்ட்ஸ்டரை 2009இல் ஒரு மலேசிய நிறுவனம் வாங்கியபோது உலகச் சமூக ஊடகத்தின் தலைநகரம் கோலாலம்பூர் என்று அறிவித்தவரும் இவரே. இரண்டே ஆண்டில் அது விளையாட்டுத் தளமாகச் சுருங்கி, 2015இல் மூடப்பட்டது. டுவிட்டர் 2023 ஜூலையில் எக்ஸ் ஆனபோது ஆழ்ந்த கருத்து எதுவும் சொல்லவில்லை. அச்சடித்த துண்டறிக்கைகளில் பழைய பறவை இருந்ததால் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்.

இவ்வகையின் வீரவரலாறு 2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு. முகநூலும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. மலேசிய நேரப்படி அது நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கி விடியற்காலையில் சரியாயிற்று. நாடு தூங்கி எழுந்தது. பலருக்குச் செய்தியே பிறகுதான் தெரியும். மக்கள் தொடர்பு அதிகாரி மட்டும் விடிய விடிய விழித்திருந்து, 'எங்கள் சேவையில் தடங்கல் இல்லை' என்று ஓர் அறிக்கை தயாரித்தார். அதை வெளியிட வேண்டிய இடம் முகநூல்.

செய்திகளைவிட இவரை அதிகம் நடுங்க வைப்பது பட்டங்கள். ஒரு திறப்பு விழாவுக்கு டத்தோ, டத்தோ ஸ்ரீ, டான் ஸ்ரீ என்று வரிசையாக வருவார்கள். போன மாதம் டத்தோவாக இருந்தவர் இந்த மாதம் டத்தோ ஸ்ரீ ஆகியிருக்கலாம். அதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள எந்த மென்பொருளும் இல்லை. மலாய் எழுத்தில் 'டத்தோ' இரண்டு விதமாக எழுதப்படும்; எது சரி என்பது பட்டம் தந்த இடத்தைப் பொறுத்தது. மாற்றிப் போட்டால் வேலைக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே மாதிரி எழுதும் தமிழ், அவருக்கு இந்த ஓர் இடத்தில் பேருதவி செய்திருக்கிறது.

மற்ற இடங்களில் இல்லை. பதாகையில் நான்கு மொழி இருந்தால் தமிழ் கடைசியில் வரும், கடைசி நேரத்திலும் வரும். "தமிழ் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு தம்பி" என்று கேட்கும்போது பதாகை மண்டப வாசலில் ஏறியிருக்கும். கணினி ஒருங்குறியில் எகரக் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் பதிவாகும். காட்டும்போது மென்பொருள்தான் அதை முன்னால் கொண்டுவந்து வைக்கும். அது தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு நின்ற இடத்திலேயே நின்று அடுத்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். கெடா மாநிலம் 'கடொ' ஆனது இப்படித்தான். அச்சுக்கடைக்காரரிடம் கேட்டால், "உங்க எழுத்து அப்படித்தான் வருது பாஸ்" என்பார். இத்தனைக்கும் கணினித் தமிழுக்கு மலேசியா அந்நிய நாடு அல்ல. முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை 1985இலேயே உருவாக்கியது இந்த மண்ணில். தமிழ் இணைய மாநாடு 2001இல் கூடியது கோலாலம்பூரில். இவற்றை மக்கள் தொடர்பு அதிகாரி ஏணியின் உச்சியில் நின்று, வெள்ளைத் தாளில் வெட்டிய 'கெ'யைப் பசைநாடாவால் ஒட்டிக்கொண்டே கீழே இருப்பவரிடம் சொல்வார்.

2024 ஜூன் இறுதியில் சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தது. இரண்டு வாரம் சுங்கை பாக்காப்பில் கேமரா இல்லாத சந்து இல்லை. ஊரே மக்கள் தொடர்புத் தொழிலில் இறங்கியது. இவர் டிக்டாக் பார்வைகளைக் கூட்டி, பெருக்கி, வாட்ஸ்அப் குழுவில் முடிவையே அறிவித்துவிட்டார். ஊரார் பேசியதோ குழாயில் வராத தண்ணீரையும் சாலை நெரிசலையும். ஜூலை 6 இரவு வந்த முடிவு 4,267 வாக்கு வித்தியாசம். தம் கணிப்பை அன்றிரவே அழித்துவிட்டு, மறுநாள் காலை ஒட்டுக்கடையில் "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

சமூக ஊடகங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தபோது, கடைக்காரருக்கு அதை விளக்கும் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது.

"நம்ம கோயில் குழுவுக்கும் லைசன்ஸ் எடுக்கணுமா தம்பி?"

"எட்டு மில்லியன் பேரு இருந்தாத்தாண்ணே. அதுவும் வாட்ஸ்அப் கம்பெனிதான் எடுக்கணும்."

"நம்மகிட்ட இருநூத்திப் பன்னெண்டு பேரு இருக்காங்க. எதுக்கும் கேட்டு வச்சுக்க."

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது முதல் இவ்வகை அழிந்துவிடும் என்று பேசப்படுகிறது. இவரும் ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் இருந்தார். பிறகு அது எழுதிய அறிக்கை ஒன்றைப் படித்தார். 'பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்பதில் தொடங்கி 'புதியதொரு மைல்கல்' என்பதில் முடிந்தது. அது முழுக்கத் தம் நடையாக இருக்கவே கோபம் வந்தது. விருந்தினர் பட்டியலில் ஓட்டுநர் உட்பட அனைவரையும் டத்தோ ஆக்கியிருந்ததைக் கண்டதும் கோபம் தணிந்தது. இப்போது அறிக்கையை அது எழுதுகிறது, டத்தோக்களை இவர் எண்ணுகிறார்.

இத்தனை மாறியும் மேலாளர் கேட்பது 'பேப்பர் கட்டிங்'. இணைப்பு அனுப்பினால் பார்க்கமாட்டார். கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, தேதி போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது முதல் கத்தரிக்கக் கிடைக்கும் தாள்கள் குறைந்துவிட்டன. அறிக்கை வெளிவரும் நாளில் இவர் தமிழ்ப் பத்திரிகை இரண்டு பிரதி வாங்குவார்: ஒன்று அலுவலகக் கோப்புக்கு, ஒன்று அம்மாவுக்கு.