என் கதாநாயகிக்குச் சேலை கட்டிய கதை

வரையத் தெரியாதவனுக்கு முப்பரிமாண பொம்மை பெரிய வரப்பிரசாதம் என்று நம்பித்தான் விஷுவல் நாவல் செய்ய இறங்கினேன். பின்னால் படம், கீழே வசனம், நடுநடுவே 'இப்போ என்ன செய்யலாம்?' என்று வாசகரையே கேட்கும் கதை விளையாட்டு. இதற்கான ரென்பை என்ற மென்பொருள் 2004 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. முப்பரிமாண பொம்மைகளை நிறுத்திப் படமாக்கும் டாஸ் ஸ்டுடியோவும் இலவசம். ஆளைத் தேர்ந்தெடுத்து, உடை மாட்டி, ரெண்டர் பொத்தானை அமுக்கினால் படம் தயார். இலவசம் என்று இரண்டு தடவை காதில் விழுந்தால் அப்புறம் எனக்கு யோசிக்க வராது. ஆள்தான் இலவசம், அவர் போடும் சட்டைக்குக் காசு என்பது பிறகு தெரிந்தது. தள்ளுபடி என்றால் கை நிற்காது. கதையில் மழையே கிடையாது, என் கணினியில் விதவிதமாகக் குடை இருக்கிறது.

நான் நினைத்த கதை இது: விழுப்புரம் ஜங்ஷனில், ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் ராத்திரி ரயிலுக்குக் காத்திருக்கிறார். சேலை கட்டியிருக்கிறார். அவ்வளவுதான். எளிமையாக ஆரம்பிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே!

சேலையில் மாட்டினேன். துணி தானாக விழுந்து மடிய டாஸில் ஒரு கணக்கு உண்டு. ஆனால் ஆரம்பத்திலேயே துணிக்குள் கையோ இடுப்போ கொஞ்சம் புதைந்திருந்தால் கணக்கு குழம்பிவிடும். அம்மாள் இடுப்பில் கை வைத்தபடி நின்றார், ஓடவிட்டேன். முந்தானை கூரை வரை சிதறிப் பறந்தது. முதலில் கைகளை விரித்து நிற்கவைத்து, மெதுவாக வேண்டிய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமாம். எனக்கு அந்தப் பொறுமை ஏது? ஜீன்ஸ் போட்டுவிட்டேன். ஜீன்ஸுக்குப் பொருந்தட்டும் என்று வயதை இருபத்தைந்தாகக் குறைத்தேன். கையில் இருந்த ரயில் நிலையம் ஏதோ ஐரோப்பிய ஊருடையது, ஆகவே விழுப்புரமும் போயிற்று. அலமாரியில் இருந்த துணிமணி என் கதையை எழுதி முடித்தது.

அடுத்தது சிரிப்பு. முகபாவத்துக்கு ஒரு ஸ்லைடர். சிரிப்பை நூறுக்குத் தள்ளினேன். பல் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை. பேசப் போகிறாளா கடிக்கப் போகிறாளா என்று எனக்கே பயம். சிரிப்பு கால்வாசி போதும். கீழ் இமையைக் கொஞ்சம் சுருக்கி, ஒரு உதட்டோரத்தை மட்டும் ஏற்றி, தலையை லேசாகச் சாய்த்ததும் மனுஷியானாள். வெளிச்சம் எதுவும் வைக்காவிட்டால் கேமராவே ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் யாரை நிறுத்தினாலும் ரேஷன் கார்டு போட்டோதான். பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்தால் மூக்கு என்று ஒன்று இருப்பது தெரியும்.

இரண்டாவது ஆளைக் கொண்டுவந்ததும் ரெண்டர் ராத்திரி முழுக்க ஓடியது. தோலுக்கான படம் ஒன்று 4096-க்கு 4096 புள்ளி. சுருக்காமல் நினைவகத்தில் வைத்தால் 64 எம்பி. முகம், உடம்பு, கை, கால் ஒவ்வொன்றுக்கும் இப்படிப் பல. கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் இடம் போதாவிட்டால் ரெண்டர் வேலை சத்தமில்லாமல் சிபியூவுக்குப் போய்விடும். மடிக்கணினி கொதிக்க, நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் முதுகு காட்டி நிற்பவருக்கு அவ்வளவு துல்லியமான கண்ணிமை எதற்கு என்று உறைக்கவே நாளாயிற்று.

2011-இல் ஜப்பானில் 'ஹடோஃபுல் பாய்ஃபிரெண்ட்' என்று ஒரு விஷுவல் நாவல் வந்தது. கதாபாத்திரங்கள் பெரும்பாலும் புறாக்கள். வெறும் பறவைப் போட்டோக்கள். ஜனங்கள் அந்தப் புறாக்களுக்காக உருகினார்கள். இது தெரிந்த பிறகும் நான் இமைமுடிதான் மாற்றிக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால் பயம். ரெண்டர் ஓடும்போது மட்டும் வேலை செய்கிற மாதிரி ஒரு திருப்தி.

கிளைக்கதையிலும் பேராசைதான். இரண்டிரண்டு வழியாகப் பத்து இடத்தில் பிரித்தால் 1024 முடிவு வரும் என்று பெருக்கிப் பார்க்கவில்லை. பிரிந்த கிளை நாலு வசனத்தில் மறுபடி சேர்ந்துகொள்ள வேண்டும், வாசகர் முன்பு எடுத்த முடிவின் ஞாபகம் பேச்சில் மட்டும் தெரிந்தால் போதும். தமிழ் எழுத்துரு சேர்க்க மறந்து திரையெல்லாம் கட்டம் கட்டமாக வந்ததைச் சொல்லாமலே விடலாம்.

ஒருவழியாக முதல் காட்சியை அக்கா மகளிடம் கொடுத்தேன். நான் உருகி வைத்த 'போவதா, இருப்பதா' கட்டத்தில் 'போ' என்று அமுக்கினாள். மனசு மாறி மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினாள், முடிவு ரத்து. ரென்பையில் அது உண்டு. பிறகு கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தாள். இரண்டாம் ஆளும் அவருடைய 64 எம்பிகளும் கண் சிமிட்டும் நேரத்தில் ஓடிப்போனார்கள்.

"மாமா, இந்தக்கா எதுக்கு ஸ்டேஷனுக்கு வந்திருக்கா?"

"அதை இன்னும் எழுதலைம்மா."

"அப்போ இத்தனை மாசமா என்ன பண்ணினீங்க?"

பிளாட்பாரத்துக் கடிகாரத்தைக் காட்டினேன். முள்ளின் நிழல் அதில் தத்ரூபமாக விழும்.