தருமபுரி மாவட்டத் துணிக்கொடிகளில் அதிபரவளைய முற்றொருமை: ஓர் ஆய்வு

ஆய்வுக்களம், பென்னாகரம் பக்கத்து வீடுகளின் கொல்லைப்புறம். ஆய்வுப்பொருள், கல்தூணுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே 12 அடி தூரத்தில் சம உயரத்தில் கட்டிய துணிக்கொடி. பி.எஸ்சி. கணித மாணவர்களை விழிபிதுங்க வைக்கும் 'காஸ்ஹெச் வர்க்கத்தில் சைன்ஹெச் வர்க்கம் போனால் 1' என்ற முற்றொருமை அந்தக் கொடியில் நாள்தோறும் நிரூபணமாகிறது, துணி போடாத நேரத்தில் மட்டும் என்பதே நம் கருதுகோள்.

விடைத்தாள் மரபு வேறு. 'இ அடுக்கு எக்ஸ்', அதன் தலைகீழி இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் காஸ்ஹெச். கழித்துப் பாதியாக்கினால் சைன்ஹெச். வர்க்கங்களைக் கழிக்கையில் நடுவிலுள்ள இரண்டு 2-களும் சேர்ந்து 4 ஆகும்; 4-ஐ 4-ஆல் வகுத்தால் 1. வழியில் கழித்தல் குறியைத் தொலைத்தவரும் கூச்சமில்லாமல் 'எனவே நிரூபிக்கப்பட்டது' என்று முடிப்பார்.

கொடிக்கு அந்தத் தொல்லை இல்லை. தன் எடையை மட்டும் சுமந்து தொங்கும் கயிற்றில், தூணருகே உள்ள இழுவிசை கர்ணம். பாதிக் கயிற்றின் எடை ஒரு பக்கம். நடுப்பள்ளத்தின் கிடை இழுப்பு மறுபக்கம். கிடை இழுப்பை 1 என்று கொண்டால் கர்ணம் காஸ்ஹெச், எடை சைன்ஹெச். மீதியைப் பிதாகரஸ் பார்த்துக்கொள்வார்.

எக்ஸ் 1 ஆனால் வர்க்கங்கள் 2.381, 1.381. கணக்கு சுத்தம். ஆனால் கொடி மூன்றேகால் அடி தொய்ந்து வேட்டிக்கரை மண்ணில் புரளும். வீட்டம்மா இழுத்துக் கட்டுவார்; எக்ஸ் 0.1 ஆகும், தொய்வு நான்கு அங்குலத்துக்குள் அடங்கும், கிடை இழுப்போ பத்து மடங்காகும். முருங்கை தூண் பக்கம் சாய்வதற்குக் காற்றைப் பழிப்பவர்கள் இதைக் கவனிக்க.

ஈரத்துணியை வரிசையாகப் போட்டதும் எல்லாம் கெடுகிறது. பாரம் கிடைத்தூரத்துக்குச் சமமாகப் பரவினால் வளைவு பரவளையமாகும். ஒகேனக்கல் தொங்கு பாலத்தின் வடமும் நடைதளத்தைச் சுமப்பதால் பரவளையத்தையே நெருங்கும். 1638-இல் வெளியான நூலில் கலிலியோ தொங்கும் சங்கிலியைப் பரவளையத்துக்கு ஒப்பிட்டார். சலவை நாளில் பார்த்திருப்பார் போலும். 1691-இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் சரியான வளைவைக் கண்டார்கள். அவர்கள் கொடியில் துணி இல்லை என்று துணியலாம்.

இனி காகம். அது உட்காரும் இடத்தில் கயிறு மடங்கி இரண்டு வளைவுகளாகும். இரண்டிலும் முற்றொருமை தனித்தனியே செல்லும். இரண்டு காகங்கள் குறித்த ஆய்வு, வடகம் காயும் சித்திரைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.