அரக்குப் பிரஷ் கழுவியல்: விக்கிரவாண்டி வட்டாரத்தை முன்வைத்து

1. ஆய்வின் தேவை

பொங்கலுக்கு விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடந்த வாகனங்கள் எத்தனை என்று நாளிதழ்கள் மறுநாளே எழுதிவிடுகின்றன. அதே வாரத்தில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட வீடுகளில் கதவுக்கும் நாற்காலிக்கும் பாலிஷ் போட்டு, கழுவத் தெரியாமல் விறைத்துப்போன பிரஷ்கள் எத்தனை என்று எழுதுவார் இல்லை. தமிழ் ஆய்வுலகின் இப்பெருங்குறையை நீக்க இக்கட்டுரை முயல்கிறது.

எனாமல், டிஸ்டெம்பர், சுண்ணாம்பு, அதை அடிக்கும் தென்னை மட்டை ஆகியவை ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. ஸ்பிரிட்டில் அவலரக்கைக் கரைத்துப் பூசும் பாலிஷும், அதையே அடிப்படையாகக் கொண்ட வண்ணங்களும் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பஞ்சைத் துணியில் பொதிந்து பாலிஷ் தேய்க்கும் ஆசாரிகளுக்கு இச்சிக்கலே இல்லை. காய்ந்தால் துணியை எறிந்துவிடுவார்கள். பிரஷ் பிடிப்பவருக்கே துன்பம்.

2. பொருள் விளக்கம்

அரக்கு மரத்தின் பிசின் அன்று. பூவம், புரசு, இலந்தை போன்ற மரங்களின் சிறுகிளைகளில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு. கிளையோடு சுரண்டினால் கொம்பரக்கு. உருக்கி, வடிகட்டி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் அவலரக்கு. நாட்டில் இது மிகுதியாக விளைவது ஜார்க்கண்டில். ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இந்தப் பூச்சிக்காகவே பல்லாண்டுகள் உழைத்திருக்கிறது. ஆக, ஒரு தேக்கு நாற்காலியின் பளபளப்புக்குப் பின்னே ஆயிரக்கணக்கான பூச்சிகளின் வீட்டுவசதித் திட்டம் இருக்கிறது என்பது பெறப்படும்.

3. முன்னோர் மௌனம்

அரக்கு வேலையைப் பற்றிய மிகப் பெரிய பதிவு மகாபாரதத்தில் உள்ளது. வாரணாவதத்தில் புரோசனன் எழுப்பிய அரக்கு மாளிகை அது. இக்கதையைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுக்காரர். அதாவது இந்தப் பக்கத்து மனிதர். இன்றும் இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும்போது விதுரன் அனுப்பிய ஆள் சுரங்கம் தோண்டுகிறான், மாளிகை எரிகிறது, பாண்டவர் தப்புகிறார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் செஞ்சிப் பகுதியை மையமாக்கித் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இல் பெருநூலே வெளியிட்டார். அத்தனை பெரிய மாளிகைக்கு அரக்குப் பூசியவர்கள் மாலையில் பிரஷ்ஷை என்ன செய்தார்கள் என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை.

மாளிகையோடு பிரஷ்ஷும் எரிந்திருக்கும் என்பதே நம் ஊகம். அப்படியானால் அதுவே வரலாற்றின் முதல் பிரஷ் கழுவும் முறை. செலவு அதிகம் என்பதால் பிற்காலத்தார் பின்பற்றவில்லை.

4. மூன்று பள்ளிகள்

களத்தில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் நிலவுகின்றன.

முதலாவது, மண்ணெண்ணெய்ப் பள்ளி. எந்தப் பெயிண்ட் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயில் கழுவினால் போகும் என்பது இதன் சித்தாந்தம். எனாமலைப் பொறுத்தவரை அது வேதவாக்கு. அரக்கோ மண்ணெண்ணெயிலும் கரையாது, டர்பன்டைனிலும் கரையாது. நீண்ட நேரம் கலக்கினால் பிரஷ் அப்படியே இருக்கும். கையும் சட்டையும்தான் நாறும். இருந்தும் இப்பள்ளியினர் எண்ணெய் போதவில்லை என்று மேலும் ஊற்றுவார்கள். தோல்வியால் தளராத பள்ளி இது.

இரண்டாவது, காரப் பள்ளி. வெங்காரம், அம்மோனியா, சலவைச் சோடா போன்ற காரங்களில் அரக்கு கரையும். வெந்நீரில் வெங்காரத்தைக் கரைத்துப் பிரஷ்ஷை ஊறவைத்தால் பழுப்பு நிறமாகக் கழன்று வரும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நல்ல பிரஷ்ஷின் முடி பன்றி முடி. முடி என்பது புரதம். காரமும் சூடும் கூடினால் அரக்கோடு முடியும் போகும். அடுத்து, அலசிய பிரஷ்ஷை ஈரத்தோடு பாலிஷில் தோய்த்தால் கதவில் வெள்ளை பூத்துவிடும். தண்ணீருக்கும் அரக்குக்கும் அவ்வளவு பொருத்தம்.

மூன்றாவது, ஸ்பிரிட் பள்ளி. எதில் கரைத்தோமோ அதிலேயே கழுவு என்பது இதன் ஒருவரிக் கோட்பாடு. கோட்பாட்டில் குறை காண முடியாது. நடைமுறையில்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது.

5. சட்டப் பின்னணி

பிரஷ் கழுவும் திரவம் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வருவது உலகறிய வேண்டிய செய்தி. தமிழ்நாட்டில் இதற்கென 1959-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. இயல்பு மாற்றிய ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் (மெத்தனால்) ஆகியவற்றோடு பிரெஞ்சு பாலிஷ் வார்னிஷின் பெயரும் அவ்விதிகளின் தலைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. நாற்காலிக்குப் பூச வேண்டியதை மனிதர் வயிற்றுக்குப் பூசிக்கொள்ளக் கூடும் என்று அரசு அஞ்சியதன் அடையாளம் அது.

இந்த ஓர் இடத்தில் ஆய்வாளர் நகைச்சுவையை ஒதுக்கி வைக்கிறார். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. எக்கியார்குப்பத்தில் பாதிக்கப்பட்ட பலர் கொண்டுவரப்பட்டது விக்கிரவாண்டிக்குப் பக்கத்திலுள்ள முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான். ஆகவே பாலிஷ் ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் திண்டில் வைக்கும் வழக்கம் இவ்வாய்வால் முற்றாக நிராகரிக்கப்படுகிறது. பெயரெழுதி ஒட்டிய டப்பா, இறுக மூடிய மூடி, குழந்தைக்கு எட்டாத உயரம், அடுப்புக்குத் தள்ளிய இடம்: இவை நான்கும் ஆய்வின் முன்நிபந்தனைகள்.

6. நான்காம் பள்ளி

மூன்று பள்ளிகளையும் ஒரே மூச்சில் மூடியவர் கள ஆய்வில் எதிர்ப்பட்ட ஆசாரி ஒருவர். “அத ஏன் சார் கழுவிக்கிட்டு? அப்படியே காய விடுங்க. அடுத்த வேலைக்கு முந்தின நாள் ஸ்பிரிட்ல நிக்க வெச்சா தானா எளகிடும்” என்றார்.

முதலில் இதைச் சோம்பல் என்றே குறித்துக்கொண்டோம். வேதியியலைப் புரட்டியபோது குறிப்பை அடிக்க வேண்டியதாயிற்று. எனாமல் காய்வதும் அரக்கு காய்வதும் ஒன்றல்ல. எனாமலில் உள்ள எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு பொருளாகவே மாறிவிடுகிறது. பிறகு தின்னரைக் கண்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரக்கிலோ ஸ்பிரிட் ஆவியாகிப் போகிறது, அவ்வளவே. மிஞ்சுவது பழைய அரக்கு. ஸ்பிரிட் திரும்பி வந்தால் அரக்கும் திரும்பக் கரையும்.

ஆய்வுக்கூடத்தில், அதாவது வராந்தாவில், கட்டைபோல் இறுகிக் கிடந்த இரண்டு அங்குலப் பிரஷ் ஒன்று பெயரெழுதி ஒட்டிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், முடி மட்டும் மூழ்கும் அளவு ஸ்பிரிட்டில், பாட்டிலின் அடியில் முட்டாதபடி கம்பியில் தொங்கவிடப்பட்டது. முடியின் நுனியிலிருந்து பழுப்பு இழைகள் இறங்கி அடியில் கஷாயம்போல் படிந்தன. காலையில் விரலால் நீவியபோது முடிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தகரப் பட்டைக்குள் புகுந்திருந்த அரக்கு மட்டும் இன்னொரு முறை ஸ்பிரிட் கேட்டது. அடியில் தேங்கியதை வீணாக்கவும் தேவையில்லை. அதுவே நீர்த்த பாலிஷ், மரத்துக்கு முதல் கை பூச ஆகும்.

இதற்கு எதிர்ச்சான்று போலத் தோன்றுவது 2020-இன் சானிடைசர். அன்று கையில் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்த விருந்தினரால் பாலிஷ் போட்ட நாற்காலிக் கைப்பிடிகள் பிசுபிசுத்தன, வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. உண்மையில் அதுவும் நம் கோட்பாட்டையே நிறுவுகிறது: அதிலுள்ள ஆல்கஹால் அரக்கை இளக்கியது, தண்ணீர் வெளுக்க வைத்தது. மிச்சமிருக்கும் சானிடைசரைப் பிரஷ்ஷுக்கு ஊற்ற நினைப்போர் இதை நினைவில் கொள்க.

7. முடிவுகளும் பரிந்துரையும்

ஒன்று: அரக்குப் பிரஷ்ஷைக் கழுவுவது கட்டாயமில்லை, தேவை வரும்போது இளக்கினால் போதும். இரண்டு: அதை அரக்குக்கே நேர்ந்துவிட வேண்டும், இடையில் எனாமலில் தோய்த்தால் மேற்சொன்ன வேதியியல் எதுவும் காப்பாற்றாது. மூன்று: காயவிடும்முன் முடியை நேராக நீவிவிட வேண்டும், எந்தக் கோணத்தில் விறைக்கிறதோ அந்தக் கோணத்திலேயே அது ஓய்வெடுக்கும்.

பரிந்துரை ஒன்றே ஒன்று. விறைத்த பிரஷ் செத்த பிரஷ் என்று கருதப்பட்டு, ஆண்டுதோறும் போகியன்று பாயோடும் முறத்தோடும் தீக்குப் போகிறது. இனி எறியும்முன் முடிமேல் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, சற்றுப் பொறுத்து விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் ஒட்டினால் அது அரக்கு, பிரஷ்ஷுக்கு உயிர் இருக்கிறது. ஒட்டாவிட்டால் எனாமல், தாராளமாகப் போடலாம். ஆனால் சோதனையை முதல் நாளே முடித்துவிட வேண்டும். போகித் தீயருகே ஸ்பிரிட் பாட்டிலைத் திறப்பவர் புரோசனன் பள்ளியைச் சேர்ந்தவராகக் கருதப்படுவார்.