மணப்பெண் காலுக்கு எந்தச் செருப்பு?

ரிசப்ஷனுக்கு நாலு அங்குல ஹீல்ஸ் போடலாமா? மாப்பிள்ளை என்னைவிட ரொம்ப உயரம்!
– ஒரு கல்யாணப் பெண், மதுரை

போடலாம். மேடையில் மூன்று மணி நேரம் நிற்கப்போவது உங்கள் கால்தானே, என்னுடையதா? விக்டோரியா மகாராணிக்கு உயரம் ஏறக்குறைய ஐந்தடிதான். 1840-ல் அவர் கல்யாணத்துக்குப் போட்டது குதிகால் உயராத வெள்ளை சாட்டின் செருப்பு. மாப்பிள்ளை ஆல்பர்ட் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை!

ஹீல்ஸ்தான் வேண்டுமென்றால் குதிகால் தடிமனாக இருக்கட்டும். கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், சரியான அளவு கிடைக்கும். சில நாள் வீட்டுக்குள் போட்டுப் பழகுங்கள் (அம்மா திட்டுவார், பரவாயில்லை). முக்கியமாக, கொசுவம் வைக்கும்போதே செருப்பு காலில் இருக்க வேண்டும். பிறகு மாட்டினால் பட்டுப்புடவை கணுக்காலுக்கு ஏறிவிடும்.

அப்போ முகூர்த்தத்துக்கு?

அந்தச் செலவே இல்லை. செருப்புக் காலோடு அம்மி மிதித்தால் புரோகிதர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார். காசியாத்திரை வழக்கம் உள்ள வீடு என்றால் புதுச் செருப்பு, குடை, விசிறி எல்லாம் மாப்பிள்ளைக்குத்தான். பெரும்பாலும் அதுவும் உங்கள் அப்பா கணக்கில்!