ட்ரெக்கிங் வர்ற தம்பிகளுக்கு

ஞாயித்துக்கிழமை விடியக்காலை திருச்சி ரோட்டுல புல்லட்டு சத்தம் கேட்டாலே, கீரனூர் டீக்கடையில எங்களுக்குத் தெரிஞ்சுபோகும், நார்த்தாமலைக்கு ஆள் வருதுன்னு. முதுகுல மூட்டை, கையில ஊன்றுகோல். எங்க ஊர்ல அந்தக் கோலை எழுபது வயசுக்கு மேலதான் தொடுவோம். நீங்க இருபத்தஞ்சுலயே தொட்டுட்டீங்க. நல்லா இருங்க.

நார்த்தாமலையில மேலமலைக் கோயிலுக்கு விஜயாலய சோழீஸ்வரம்னு பேரு. கட்டுனது சாத்தன் பூதிங்கிற முத்தரையர், மழையில இடிஞ்சதைச் சரிபண்ணுனது மல்லன் விடுமன்னு அங்க இருக்கிற கல்வெட்டே சொல்லுது. வேலை பார்த்தவன் ஒருத்தன், பேர் வாங்குனவன் விஜயாலய சோழன். பஞ்சாயத்து யூனியன் வர்றதுக்கு ஆயிரம் வருசம் முந்தியே இந்த வழக்கம் இருந்திருக்கு பாருங்க.

அனுமார் தூக்கிட்டுப் போன சஞ்சீவி மலையில இருந்து சிந்துன துண்டுகதான் இந்தக் குன்றெல்லாம்னு பெரியவங்க சொல்லுவாங்க. அதுக்காகக் கண்ட தழையையும் பிடுங்கி மென்னு பார்க்காதீங்க. எது சஞ்சீவின்னு தெரியாமத்தான் அனுமாரே மலையோட பேர்த்தாரு.

"காடு எங்க தாத்தா?"ன்னு அடுத்துக் கேப்பீங்க. எங்க பக்கம் காடுன்னா ஐயனார் வச்சிருக்கிறதுதான். வீரை, காசா, உலக்கைப்பாலை, குருந்துன்னு நிக்கும். சித்திரை வெயில்லயும் பச்சை மாறாது. உலர் பசுமைமாறாக் காடுன்னு படிச்சவங்க சொல்றாங்க. சோழமண்டலக் கரை நெடுக இருந்ததுல இப்ப சாமி பேர்ல துண்டு துண்டா மிச்சம். கோயில்காட்டுக்கு வேலி கிடையாது, காவலுக்குச் சம்பளமும் கிடையாது. திருவிழாவுக்கு வேளார் செஞ்ச மண்குதிரையைத் தூக்கி வச்சுட்டா, ராத்திரி ரோந்தை ஐயனார் பார்த்துக்குவாரு.

உள்ள போறதுன்னா செருப்பு வெளியே. அத்தனை ஆயிரம் குடுத்து வாங்குன ஷூங்கிறீங்க. ஐயனாருக்கு பிராண்டு தெரியாது தம்பி. பச்சைக் குச்சி ஒடிக்கக் கூடாது. காஞ்சு விழுந்த சுள்ளியும் அங்கேயே பொங்கல் வைக்கத்தான். வீட்டுக்குக் கொண்டுபோனா கண்ணு போயிரும்பாங்க. நிசமாவே போகுமான்னு கேக்காதீங்க. சோதிச்சுப் பார்க்க எவனுக்கும் துணிச்சல் வரல, அதனாலதான் காடு நிக்குது.

உடனே எங்களை மெச்சிராதீங்க. சாமி பேர் இல்லாத நிலத்துல நாங்க காட்டுன பவிசைப் பார்க்கணும்னா, மலையை விட்டு இறங்கிச் சுத்திப் பாருங்க, தைலமரமா நிக்கும். 1974-ல வந்த வனத்தோட்டக் கழகமும் நட்டுச்சு, எங்க பங்காளிகளும் பட்டா நிலத்துல நட்டாங்க. அதுக்குப் போட்ட வரப்பு மழைத்தண்ணியைக் குளத்துக்கு விடமாட்டேங்குதுன்னு விவசாயிக சத்தம் போட்டுக்கிட்டே இருக்காங்க. மரத்தை வெட்டிக் காகிதமாக்கி, அதுலயே 'மரம் வளர்ப்போம்'னு அச்சடிச்சு எங்க கையிலயே குடுக்கிறாங்க. உங்கள்ல சிலபேர் அந்தத் தைலத்தோப்புல நின்னு படம் எடுத்து 'அடர்ந்த காட்டுக்குள்'னு போடுறீங்க. ஐயனார் செல்லு பார்க்கிறதில்ல, பிழைச்சீங்க.

சாமி காவலோட இப்ப அரசாங்கப் பட்டமும் வருது. திண்டுக்கல் பக்கம் காசம்பட்டியில அஞ்சு எக்டேர்கூட வராத ஒரு கோயில்காட்டை 2025-ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசாங்கம் அறிவிச்சிருக்கு. மதுரைக்குப் பக்கத்துல அரிட்டாபட்டிக்கு அந்தப் பட்டம் 2022-லயே வந்துருச்சு. பட்டம் இருந்தும் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துச்சே! ஊர் ஊரா சனம் ரோட்டுல இறங்குன பிறகுதான் 2025 ஜனவரியில ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. சாமியும் வேணும், பட்டமும் வேணும். ஆனா மறிக்கிறதுக்கு மனுசன் வேணும்.

ஆகவே தாராளமா வாங்க. பாட்டுப் பொட்டி வேண்டாம். வெயிலுக்கு முந்தி இறங்கிருங்க, பாறை காஞ்சா பாதம் வெந்துரும். மலை மேல இருக்கிற சுனைத் தண்ணிக்குள்ள சிவலிங்கம் இருக்கு, பாட்டிலை அதுல எறியாம திருச்சிக்கே கொண்டுபோங்க. நடந்தும் தெம்பு மிச்சமிருந்தா சொல்லுங்க, எங்க குளத்துக்கரையில சீமைக்கருவேலம் வெட்ட ஆள் கிடைக்கல. அருவா நான் தர்றேன். அதையும் ட்ரெக்கிங்னே போட்டுக்கங்க.